இடது பக்கம் தாழ்ந்த அம்பாசடர்

நயினார் தன் மனைவி பிரமுவை உயிரோடு கடைசியாகப் பார்த்தது காருக்குள் தலைக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியில்தான். நெஞ்சு வலிக்கிறது என்று அவள் சொன்னதும் வேறு யாரையும் கூப்பிடாமல் தன்னுடைய வெள்ளை அம்பாசடரிலேயே ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர், செங்கமேட்டைத் தாண்டிப் பதினோராவது கிலோமீட்டரில் ரயில்வே கேட் மூடிக்கிடக்க, முன்னால் இரண்டு வாழைக்காய் லாரிக்கும் பின்னால் ஒரு பள்ளிக்கூட வேனுக்கும் நடுவே அசைய வழியில்லாமல் நின்றார். சரக்கு ரயில் வந்தது. பின்சீட்டின் இடது ஓரத்தில், கல்யாணமான நாளிலிருந்து அவள் உட்காரும் அதே இடத்தில், ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, சின்ன வயசுப் பழக்கத்தை அந்த வலியிலும் விடாமல் பிரமு பெட்டிகளை வாய்விட்டு எண்ணினாள்.

"இருபத்தொம்பது, முப்பது... இங்கேருங்க, நெலக்கரி போகுது போல... முப்பத்தொண்ணு."

கண்ணாடியில் அவள் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு நயினார் கேட்காரர் அறையைத் திரும்பிப் பார்த்தார். ரயில் போய்க்கொண்டே இருந்தது. கடைசிப் பெட்டி போய், கேட் மேலே ஏறி, லாரிக்காரன் புகையைக் கக்கிக்கொண்டு நகர்ந்த பிறகுதான், முப்பத்திரண்டு என்ற சத்தம் தன் காதில் விழவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து மறுநாள் காலையில் அவர் வண்டியை ஸ்டாண்டுக்கு எடுத்துப் போனார். செங்கமேட்டில் டாக்சி ஸ்டாண்டு என்பது பஸ் நிலையத்துக்கு எதிரே, சிமெண்ட் கடைக்கும் மூடிப்போன தியேட்டருக்கும் நடுவே ஏழு கார் நிற்கிற இடம். குற்றாலத்தில் சீசன் வந்தால் அவற்றுக்குச் சோறு உண்டு, மற்ற மாதங்களில் கல்யாணமும் கருமாதியும் ஆஸ்பத்திரியும்தான். முதல் ஆளாக நின்றிருந்த ஞானதிரவியம், வாய் ஓயாத மனிதர், துக்கம் கேட்டு முடித்த கையோடு வண்டியைச் சுற்றி வந்தார்.

"வேய் நயினாரு, பின்னால எடப்பக்கம் காத்து எறங்கிட்டா?"

காற்று இறங்கவில்லை. ஆனால் வண்டி இடது பின்பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்துதான் நின்றது. நயினார் அதை மைதீன் பிச்சையின் பட்டறைக்கு ஓட்டிப் போனார். மைதீன் பிச்சை இருபத்தாறு வருஷமாக அந்த ஒரு வண்டிக்கு வைத்தியம் பார்க்கிறவர். ஸ்பிரிங் பட்டை ஒடிந்திருக்கும் என்று சொல்லிப் புதுப் பட்டை போட்டார், ஜாக்கியை இறக்கினார், வண்டி மெல்ல இடது பக்கம் சாய்ந்து அதே இரண்டு விரற்கடையில் நின்றது. வலது பட்டையைக் கழற்றி இடதிலும் இடதைக் கழற்றி வலதிலும் போட்டார், அப்போதும் இடது பக்கமே தாழ்ந்தது. மூன்றாம் நாள் சிமெண்ட் கம்பெனி எடைமேடையில் ஏற்றிப் பார்த்தார்கள். ஆளில்லாத வண்டி இருக்க வேண்டிய எடையைவிட ஐம்பது கிலோ கூட இருந்தது. மைதீன் பிச்சை பின்கதவைத் திறந்து, குத்தவைத்து உட்கார்ந்து, சீட்டின் ரெக்சினில் இருந்த பள்ளத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அண்ணே, பட்டையில ஒரு கோளாறும் இல்ல. ஆளு உக்காந்திருக்கு."

"யாரு பாய்?"

"வேற யாரு, மதினிதான். அவங்க எடம்தானே அது."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன்" என்றார் நயினார். பழைய பட்டையையே மாட்டச் சொல்லிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தி, வண்டியை வீட்டுக்கு ஓட்டிப் போனார். அன்றைக்குத்தான் பத்தொன்பது நாளுக்குப் பிறகு அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

செங்கமேடு இதை எடுத்துக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதலில் ஸ்டாண்டில் உள்ளவர்கள் காலையில் வண்டி வந்து நின்றதும் ஜன்னலைப் பார்த்து, "வாங்க மதினி" என்றார்கள். பிறகு சவாரிக்கு வருகிறவர்கள் சொல்லாமலே வலது பக்கமாக ஏறி நெருக்கி உட்காரப் பழகினார்கள். தாலியோடு போன மனுஷி என்பதால் முதல் கல்யாணப் பெண்ணை அவள் பக்கத்தில் உட்காரவைத்து மண்டபத்துக்கு அழைத்துப் போனார்கள். அந்தப் பெண்ணுக்கு வருஷம் திரும்புமுன் பிள்ளை பிறக்க, அதற்கப்புறம் முகூர்த்த நாட்களில் மற்ற ஆறு காரும் சும்மா நிற்க நயினாரின் வண்டிக்கு மட்டும் மூன்று வீட்டார் சண்டை போட்டார்கள். ஜன்னலுக்கு மேலே இருந்த கைப்பிடியில் பெண்கள் மல்லிகைச் சரம் சுற்றினார்கள். பிரசவத்துக்குப் போகிறவர்கள் வலிக்கு நடுவே அந்தப் பக்கமாகக் கையை நீட்டி, பிடிக்க ஒரு கை கிடைத்தது என்று பிற்பாடு சொன்னார்கள். சோதனைச் சாவடியில் புதிதாக வந்த போலீஸ்காரர் ஆட்களை எண்ணி, "நாலு பேருதானே இருக்கீங்க, ஏன் இப்பிடி நசுங்கி உக்காந்திருக்கீங்க?" என்று கேட்க, பக்கத்தில் நின்ற ஏட்டையா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "அஞ்சு பேர்யா, நீரு ஊருக்குப் புதுசு" என்று சொல்லி வண்டியை அனுப்பிவிட்டார்.

பிரமுவின் பழக்கவழக்கம் எல்லாம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை அவள் விரதம், அன்றைக்கு வண்டி அரை விரற்கடை உயர்ந்து நிற்கும். தீபாவளி முடிந்து கொஞ்ச நாளைக்குத் தாழ்ந்து நிற்கும். "மதினி அதிரசத்த ஒரு கை பாத்துட்டாக போல" என்று ஞானதிரவியம் கிண்டல் செய்தால், நயினார் சிரித்துக்கொண்டே, "ஏம்வே, ஒம்ம வீட்டுக் கேக்கையும் சேத்துத்தான் தின்னாளாம்" என்பார். அதிகம் வாய் திறக்காத மனுஷன் என்று பெயரெடுத்தவர் வண்டி ஓட்டும்போது மட்டும் பேசிக்கொண்டே போனார். நெல் விலை, மகள் சண்முகவடிவு கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணியது, புதிதாக வந்த ஒன்வே என்று எல்லாவற்றையும் முன்னால் பார்த்தபடியே சொல்வார். பின்சீட்டில் இருக்கிற சவாரிக்காரர்கள் அந்தப் பேச்சு தங்களுக்கு இல்லை என்று தெரிந்து பேசாமல் வருவார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் அவள் வண்டியை விட்டு இறங்குவாள். பிரமுவின் பிறந்த ஊர் கடம்பன்குளம், மலையடிவாரத்தில் குளத்தங்கரையோடு போகிற ஒற்றைச் சாலை முடிகிற இடத்தில் நாற்பது வீடு. அங்கே ஆடிக் கடைசிச் செவ்வாயும் புதனும் அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா. கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லோரும் அந்த இரண்டு நாளைக்குப் பிறந்த வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவள் இருந்த காலத்தில் நயினார் செவ்வாய்க்கிழமை காலையில் கொண்டு விட்டுவிட்டு, வியாழக்கிழமை போய் அழைத்து வருவார். செத்துப்போன முதல் வருஷம் அந்தச் செவ்வாய்க்கிழமை வண்டி ஸ்டாண்டில் ஸ்டார்ட் ஆகவே இல்லை. எதற்கும் மசியாத வண்டி, "கொடைக்குத்தானே போவணும், போவோம்" என்று நயினார் சொன்னதும் ஒரே திருகில் கிளம்பியது. கடம்பன்குளத்தில் அவள் வீடு பூட்டிக் கிடந்தது. அண்ணன் குடும்பம் திருப்பூருக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. வாசலில் நிறுத்திப் பின்கதவைத் திறந்துவிட்டதும் வண்டி சத்தமில்லாமல் இரண்டு விரற்கடை மேலே ஏறி நேராக நின்றது. "வியாழக்கிழமை வாரேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாளும் சவாரிக்குப் போகாமல் வீட்டில் படுத்துக் கிடந்தார். வியாழக்கிழமை குளத்தங்கரைத் திருப்பத்தில் வண்டியின் சத்தம் கேட்டதுமே, உயிரோடு இருந்தபோது பையும் கையுமாக வாசலுக்கு வந்து நிற்பாளே, அதே மாதிரிதான், கதவைத் திறந்த உடனே வண்டி தாழ்ந்தது. ஏழு வருஷம் இப்படியே நடந்தது.

எட்டாவது வருஷம் வண்டி தேய்ந்துவிட்டது. தரையில் ஓட்டை விழுந்து சாலை தெரிந்தது. மூன்றாவது கியரில் அதற்கென்று இருந்த இருமல் இப்போது எல்லாக் கியரிலும் வந்தது. தகுதிச் சான்றுக்கு இனிமேல் கொண்டு போக முடியாது என்று மைதீன் பிச்சை சொல்லிவிட்டார். சாமான் கிடைப்பதில்லை, கிடைப்பதும் இன்னொரு செத்த வண்டியின் சாமான்தான்.

அந்தச் சமயத்தில்தான் வடக்கே ஒரு கம்பெனி அம்பாரி என்ற புதுக் காரைக் கொண்டுவந்தது. அதே வட்டக் கண், அதே குண்டு மூக்கு, அதே பருத்த முதுகு, உள்ளே மட்டும் ஏசியும் தொட்டால் பேசுகிற திரையும். பெட்ரோல் இல்லை, டீசல் இல்லை, பேட்டரி வண்டி. பஸ் நிலையத்து முக்கில் ஆள் உயரத்துக்கு விளம்பரம் வைத்தார்கள்: உங்கள் அப்பா ஏறிய கார், உங்கள் பிள்ளைகளுக்காக. ஊருக்குத் திடீரென்று பழைய நினைப்பெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. பத்து வருஷமாக அம்பாசடரைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள்கூட நின்று தடவிக்கொடுத்தார்கள். சிமெண்ட் கடைக்காரர் தான் அம்பாசடரில்தான் பிறந்ததாகச் சொன்னார், அவர் அம்மா அதை மறுக்க உயிரோடு இல்லை. குற்றாலத்துக்கு வந்த பெங்களூர்ப் பிள்ளைகள் நயினாரின் வண்டி மேல் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு, "செம க்யூட், அங்கிள்" என்றார்கள். கல்யாண வீட்டார் மட்டும் மெல்லத் தயங்க ஆரம்பித்தார்கள். மதினி பக்கத்தில் உட்கார வேண்டும், ஆனால் பட்டுச்சேலை வேர்வையில் நனையக் கூடாது.

"பழைய வண்டியக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கலாமாம்பா. கம்பெனிக்காரனே லாரி அனுப்பித் தூக்கிட்டுப் போயிருவானாம்" என்றாள் சண்முகவடிவு போனில்.

"ஒங்கம்மா?"

"அம்மைக்குந்தாம்பா சொல்லுதேன். சித்திரை வெயில்ல அந்த ஓரத்துல முந்தானையால விசிறிக்கிட்டே வருவாளே, நெனச்சுப் பாருங்க. எத்தன வருசம் ஒங்க கூட வேர்த்து வடிஞ்சா. ஏசில ஒரு நாளு உக்காரட்டுமே."

அந்த ஒரு சொல்லுக்குத்தான் நயினார் இளகினார். ஆனால் அவள் எப்படி இந்த வண்டியிலிருந்து அந்த வண்டிக்கு வருவாள் என்பது அவரை இரண்டு மாசம் அரித்தது. அதைத் தீர்த்துவைத்தது ஞானதிரவியம்.

"பிடிமண் எடும்வே" என்றார் ஸ்டாண்டில் எல்லோரும் கேட்க. "நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரன்தான், இல்லங்கல. ஆனா எங்க பூட்டன் காலத்துல ஊர் விட்டு ஊர் போனப்ப சாமிய எப்பிடிவே கொண்டு போனாங்க? கோயில்ல ஒரு பிடி மண்ண அள்ளி, மஞ்சத் துணில முடிஞ்சு, கீழ வைக்காம, திரும்பிப் பாக்காம போயி, போன எடத்துல வச்சாங்க. சாமியே வரும்போது மதினி வர மாட்டாகளா?"

"கார்ல மண்ணுக்கு எங்க போவ?" என்று கேட்டார் நயினார்.

"சீட்டுக்குள்ள தேங்காநார் இருக்குல்லா? அவக உக்காந்த எடத்து நாரு. அது போதும்."

எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. மைதீன் பிச்சை மட்டும், "எங்களுக்கு இந்தப் பழக்கமெல்லாம் தெரியாது, ஆனா அளந்து சொல்லுதேன், நார எடுத்து அங்க வச்சதும் அந்த வண்டி ரெண்டு வெரக்கட தாழணும். தாழ்ந்தாத்தான் பழைய வண்டிய விடணும்" என்றார். அதுவும் சரியென்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

ஆடி மாசத்தில் யாரும் புது வண்டி எடுக்க மாட்டார்கள். அதனால் ஆவணி ஒன்றாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்று ஊரே சேர்ந்து நேரம் குறித்தது. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, ஆடிக் கடைசிச் செவ்வாய், நயினார் வழக்கம்போல வண்டியைக் கடம்பன்குளத்துக்கு ஓட்டிப் போய்ப் பூட்டின வீட்டு வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்தார். வண்டி மேலே ஏறியது. "வியாழக்கிழமை வாரேன்" என்றார். "வரும்போது ஒனக்கு ஒரு சங்கதி வச்சிருக்கேன்" என்றும் சொன்னார்.

புதன்கிழமை மகள் வடிவு பிள்ளைகளோடு வந்து இறங்கினாள். ஷோரூமிலிருந்து நாலு தடவை போன் வந்தது. ஸ்டாண்டில் பந்தல் போட்டு, வாழை கட்டி, மைக்செட் வைத்தார்கள். அம்பாரியைப் பார்க்கப் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நயினாருக்கு வெள்ளை வேட்டியும் சட்டையும் வடிவு எடுத்து வந்திருந்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஓரமாக நின்ற மனுஷனை அன்றைக்கு எல்லோரும் நடுவில் நிறுத்தினார்கள். நடுவில் நிற்பது எப்படியிருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பழைய வண்டியை மாலை போட்டுப் பந்தலுக்கு முன்னால் நிறுத்தினார்கள். போட்டோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எவ்வளவு அம்சமா நிக்குது!" என்றார்.

"ஆமாவே, நூல் புடிச்ச மாதிரி நேரா நிக்கி பாரு. தனக்குப் பிரிவுபசாரம்னு தெரிஞ்சிருக்கு" என்றார் ஞானதிரவியம்.

நயினாரும் பார்த்தார். நேராகத்தான் நின்றது. அவருக்குப் பெருமையாக இருந்தது.

வடிவு பின்கதவைத் திறந்து, சீட்டின் இடது பக்கத்து ரெக்சினைப் பிளேடால் கீறி, ஒரு பிடி நாரை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் எல்லோரும் பழைய வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேளம் முன்னால் போக, தெருக்கோடியில் நின்ற அம்பாரியை நோக்கி நடந்தார்கள். அங்கே தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து, கூட்டம் முட்டி மோதி, பிள்ளைகள் திரையைத் தொட்டு விளையாட, ஷோரூம் பெண் சாவியை வெல்வெட் தட்டில் நீட்ட, ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே ஏறி இறங்கிப் போட்டோ எடுத்து முடிய முக்கால் மணி நேரம் ஆனது. புது வண்டி தாழ்ந்த பிறகுதான் பழையதை விட வேண்டும் என்று லாரிக்காரனிடம் யாரும் சொல்லி வைக்காததால், அந்த நேரத்தில் முதுகுக்குப் பின்னால் கம்பெனி லாரி வந்து பழைய வண்டியைச் சங்கிலி கட்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டம் விலகியதும் நயினார் மஞ்சள் முடிச்சை வாங்கி, பின்சீட்டின் இடது ஓரத்தில் வைத்து, கதவைச் சாத்தினார். மைதீன் பிச்சை சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து விரலை வைத்தார். காத்திருந்தார்கள். வண்டி தாழவில்லை.

"கொஞ்ச நேரமாகும்" என்றார் ஞானதிரவியம்.

மைதீன் பிச்சை குனிந்தபடியே கேட்டார்: "அண்ணே, இன்னைக்கு என்ன கெழமை?"

நயினாரின் முகம் வெளுத்துப் போனதை வடிவு பார்த்தாள். அவர் முன்கதவைத் திறந்து ஏறினார். மைதீன் பிச்சை மறுபக்கம் ஏறினார். மேளக்காரர்கள் தங்களுக்குச் சாப்பாடு எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்க, அம்பாரி ஒரு சத்தமும் இல்லாமல் பந்தலைத் தாண்டிப் போனது.

கடம்பன்குளத்தில் கொடை முடிந்து, தெருவில் காய்ந்த மாவிலையும் வெடித்தாளும் கிடந்தன. கட்டிக்கொடுத்த பெண்களில் அநேகம் பேர் காலையிலேயே கிளம்பியிருந்தார்கள். நயினார் பூட்டின வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கி, இடது பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். குளிர்ந்த காற்று அவர் முழங்காலில் அடித்தது.

"பிரமு, வண்டி இதான். பயப்படாத, நாந்தான் வந்திருக்கேன்."

சாயங்காலம் வரை நின்றார். வண்டி அசையவில்லை.

"சத்தமே இல்லாம வந்து நின்னா அவங்களுக்கு எப்பிடிண்ணே தெரியும்?" என்றார் மைதீன் பிச்சை. "கொளத்தங்கரையில இருமுனாத்தானே பைய எடுப்பாங்க."

மறுநாள் காலையில் மதுரைக்கு வெளியே பழைய வண்டிகளை வாங்குகிற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துப் போனார்கள். அங்கே இருந்தவன் நல்ல பையன்தான், நோட்டைப் பார்த்து நம்பரைச் சரிபார்த்து, பின்பக்கம் அழைத்துப் போய்க் காட்டினான். ஒரு டிரங்குப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, நாலு பக்கமும் சதுரமாக, ஒரு வெள்ளைக் கட்டி இருந்தது.

"சீட்டு?" என்று கேட்டார் நயினார்.

"அது நேத்தே பிரிச்சாச்சு சார். ரெக்சின் வேற, நார் வேற, கம்பி வேற போயிரும்."

"எஞ்சின்?"

"உருக்கப் போயாச்சு. ஏன் சார், உள்ள ஏதாச்சும் வச்சு மறந்துட்டீங்களா?"

நயினார் இல்லை என்று தலையாட்டினார்.

அடுத்த மாசம் வடிவு வந்தபோது திரையைத் தடவித் தடவி ஒரு வழி கண்டுபிடித்தாள். பழைய காரின் எஞ்சின் சத்தத்தை வெளியே கேட்கிற மாதிரி ஓடவிடுகிற வசதி அம்பாரியில் இருந்தது, ஆசைப்படுகிறவர்களுக்காகக் கம்பெனிக்காரன் வைத்தது. மூன்று விதமான சத்தம். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டு குளத்தங்கரைத் திருப்பத்தில் மெதுவாக ஓட்டினார்கள். நாய்கள் வந்தன. பிரமு வரவில்லை.

"நல்ல சத்தந்தான்" என்றார் நயினார். "யாரு வண்டியோடதோ."

வடிவு அன்றைக்கு அழுதாள். "நாந்தானப்பா நாரப் பிச்சேன். எனக்குத் தெரியாதாப்பா அம்மை கொடைக்குப் போவான்னு? அவ மகதானே நான்? எப்பிடிப்பா மறந்தேன்?"

"ஊரே மறந்துச்சுட்டி. நானே மறந்தேன்."

பிறகு ஒரு வியாழக்கிழமை மைதீன் பிச்சை பட்டறையை அடைத்துவிட்டு வந்து, "அந்தச் சத்தம் என் காதுலதாண்ணே இருக்கு, வாங்க" என்றார். அறுபத்தெட்டு வயசு மனுஷர் குளத்தங்கரைத் திருப்பத்தில் இறங்கி, அம்பாரிக்கு முன்னால் நடந்துகொண்டே, வாயாலும் தொண்டையாலும் மூக்காலும் அந்த வண்டியாக மாறினார். முதல் கியரின் முனகல், இரண்டாவதின் இழுவை, கிளட்சை மிதிக்கும்போது வருகிற பெருமூச்சு, மூன்றாவதில் அந்த இருமல், எதையும் விடவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, ஒதுங்கி வழிவிட்டார்கள். நயினாருக்குக் கண்ணை மூடினால் அதே வண்டிதான். வீட்டு வாசல்வரை இருமிக்கொண்டே வந்து, எஞ்சின் அணைகிற கடைசி உதறலையும் சொல்லி முடித்துவிட்டு மைதீன் பிச்சை ஓய்ந்தார். நயினார் இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டு, பார்க்கத் துணிச்சல் இல்லாமல் வந்து முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டி தாழ்ந்தது. இடது பக்கம், பின்னால், மெதுவாக.

நயினார் கண்ணைத் திறந்தார். "வேர்க்குதா?" என்று கேட்டார் முன்னால் பார்த்தபடியே. "ஏசி போடட்டா?"

"போடுங்கண்ணே" என்றது மைதீன் பிச்சையின் குரல், இளைத்துக்கொண்டு. "கால்ல நிக்க முடியல, அதான் உக்காந்துட்டேன்."

நயினார் ஏசியைப் போட்டு வண்டியைத் திருப்பினார்.

செங்கமேட்டில் யாரும் இதைப் பற்றிக் கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. ஆவணியில் முதல் முகூர்த்தத்திலேயே ஒரு கல்யாணப் பெண் அம்பாரியில் வலது பக்கமாக ஏறி, இடது ஓரத்தைக் காலியாக விட்டு, "அத்தே, ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று அந்த மஞ்சள் முடிச்சைத் தொட்டுக் கும்பிட்டாள். வண்டி தாழவில்லையே என்று யாரோ கேட்டதற்கு, "புது வண்டி ஸ்பிரிங்குன்னா சும்மாவா, யானையே ஏறுனாலும் தாழாது" என்றார் ஞானதிரவியம். அவர் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். அடுத்த வருஷத்துக்குள் ஸ்டாண்டில் இன்னும் நாலு அம்பாரி வந்தன. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் நயினாரின் வண்டியைத் தேடி வந்து, அந்த அம்மா உட்கார்ந்திருக்கிற சீட்டு இதுதானா என்று கேட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மல்லிகைச் சரம் முன்பைவிட அதிகமாக வந்தது. வண்டி ஓட்டும்போது நயினார் பேசுவதை நிறுத்திவிட்டார். அதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமைகளில் அவர் சவாரி எடுப்பதில்லை. காலையில் கடம்பன்குளம் போய், கதவைத் திறந்து வைத்து, வெயில் சாயும்வரை நின்றுவிட்டு வருவார். அவள் அங்கேதான் நிற்கிறாள் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆவணி ஒன்றாம் தேதி காலையிலிருந்து பையைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வெள்ளைக் காரை யாரோ ஒருவர் வாரம் தவறாமல் கொண்டுவந்து வாசலை மறித்து நிறுத்துகிறாரே என்று அதை ஒதுங்கி, அதற்கு அப்பால் குளத்தங்கரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்திலேயே நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவள் காது வேறொரு சத்தத்துக்கே காத்திருக்கிறது. அந்தச் சத்தம் உலகத்தில் இனி இல்லை.

போன மாசியில் திருப்பூரிலிருந்து பிரமுவின் அண்ணன் பிள்ளைகள் வந்து அந்த வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் தென்னை வைப்பதற்காக அதை இடித்துத் தரைமட்டமாக்கினார். கரண்டு இணைப்பை இன்னும் எழுதிக் கொடுத்துத் துண்டிக்காததால், மீட்டர் பெட்டி இருக்கிற முழ அகலச் சுவரை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமைகளில் நயினார் இப்போது அந்தச் சுவருக்கு முன்னால்தான் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து வைக்கிறார்.